அறைக் காற்றின் அளவு எங்களுக்கும் தெரியட்டும்

அலுவலகக் கட்டடங்களை நிர்வகிப்பவர்களுக்கும், அங்கே ஆட்களை வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

மதியம் மீட்டிங் நடக்கும் அறைக்குள் ஒருமுறை நுழைந்து பாருங்கள். பத்துப் பன்னிரண்டு பேர், சாத்திய கதவு, ஒரு மணி நேரப் பேச்சு. உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு மூக்கு பழகிப்போயிருக்கும். வெளியிலிருந்து வருபவருக்குத்தான் அந்த இறுக்கம் சட்டென்று தெரியும். ஏசி ஓடுகிறதே என்பீர்கள். சுவரில் மாட்டும் சாதாரண ஸ்பிளிட் ஏசி, அறையில் இருக்கும் அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. வெளிக்காற்று வர வேறு வழி வேண்டும்.

அந்த வழி இருக்கிறதா என்பதைக் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். வெளிக்காற்றில் அதன் அளவு சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு. நாம் விடும் மூச்சில் சுமார் 40,000. அறையில் 2,000 காட்டினால், இழுக்கும் காற்றில் ஏறக்குறைய இருபத்தைந்தில் ஒரு பங்கு ஏற்கெனவே யாரோ விட்ட மூச்சு. இந்த அளவில் அந்த வாயு விஷமில்லை, உண்மைதான். ஆனால் அங்கே ஒருவருக்கு ஃப்ளூ இருந்தால் அதுவும் அந்த மூச்சோடுதான் சுற்றும். 1,000-க்குள் இருப்பதே நல்லது என்று ஜெர்மனியின் சுகாதார அறிஞர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் 1858-லேயே சொல்லிவிட்டார்.

வீட்டில் புழுக்கமாக இருந்தால் நாங்களே எழுந்து ஜன்னலைத் திறந்துகொள்வோம். உங்கள் கட்டடத்தில் கண்ணாடி திறக்காது, காற்றை விடும் சுவிட்சும் எங்கள் கையில் இல்லை. அதனால்தான் கேட்கிறோம்: மீட்டரை அறையிலேயே, எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டுங்கள். கட்டுப்பாட்டு அறைக் கணினியில் மட்டும் ஓடும் எண்ணால் எங்களுக்கு என்ன பயன்?

வாங்கும்போது அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் என்டிஐஆர் வகையா என்று பாருங்கள். மலிவான சிலவற்றில் வேறு வாயுக்களை வைத்துக் கணக்குப் போட்ட உத்தேச எண்தான் வரும். உட்கார்ந்தால் மூக்கு இருக்கும் உயரத்தில், ஏசி வாயிலிருந்தும் யாருடைய முகத்திலிருந்தும் தள்ளி மாட்டுங்கள். இரவு பகலாக ஆள் இருக்கும் இடமென்றால் இன்னொரு சிக்கல்: பல மீட்டர்கள் சில நாட்களில் பதிவான மிகக் குறைந்த அளவையே வெளிக்காற்றின் அளவாக எடுத்துக்கொண்டு தங்களைத் திருத்திக்கொள்ளும். அறை ஒருபோதும் காலியாகாவிட்டால் அந்தத் திருத்தமே தப்பாகும். அங்கே அவ்வப்போது மீட்டரை வெளியே எடுத்துப்போய்ச் சரிபார்க்க வேண்டும்.

அப்புறம், வெளியே புகையாக இருக்கும் நாளில் காற்றை அப்படியே உள்ளே விடுவதும் தவறு. அதற்கு பிஎம் 2.5 நுண்துகள் மீட்டரும் நல்ல ஃபில்டரும் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன 24 மணி நேரச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். ஜெனரேட்டரோ பாய்லரோ பக்கத்தில் இருந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கான அலாரம் தனியாக அவசியம். மேலே சொன்ன மீட்டர்கள் இரண்டும் அதைக் கண்டுபிடிக்காது.

எண் 1,000-ஐத் தாண்டினால் யாரிடம் சொல்ல வேண்டும், அவர் எவ்வளவு நேரத்தில் என்ன செய்வார் என்பதையும் மீட்டருக்குப் பக்கத்திலேயே எழுதி ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
அந்த அறைகளில் வேலை பார்க்கும் ஒருவர்