சப்பாத்துப் போடாத பாட்டுக்காரி

தம்பி ராசா,

நாங்கள் இஞ்சை சுகம். கொப்பரின்ர முழங்கால் நோ அப்பிடியேதான். கிணத்தடி மாதுளை இந்த முறை நல்லாக் காய்ச்சிருக்கு, அணில் விட்டால் எங்களுக்கு. போனில கதைக்கேக்கை நீ வேலைக்கு ஓடுற அவசரத்தில நிப்பாய், எனக்கும் சொல்ல வந்தது மறந்து போகும். அதுதான் ஆறுதலா இருந்து எழுதுறன்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொப்பர் பாசையூரில விளைமீன் வாங்கிக்கொண்டு வந்தவர். அஞ்சு மீன். குசினிக்குப் பின்னால குந்தி இருந்து செதில் தட்டிக்கொண்டிருக்கிறன். போனை யன்னல் கட்டில வைச்சு, யூரியூப்பில பழைய துள்ளிசையும் பைலாவும் போட்டு விட்டனான். ஒண்டு முடிய அடுத்தது தானாப் பாடும், தெரியும்தானே. நாலைஞ்சு பாட்டுக்குப் பிறகு ஒரு பொம்பிளை தொடங்கினா. ஒரு சொல்லும் விளங்கேல்லை. மாத்துவம் எண்டால் ரெண்டு கையிலும் செதிலும் ரத்தமும். கொப்பரைக் கூப்பிட்டன், அவர் படலையடியில ஆரோடையோ அரசியல். சரி, பாடித் துலையட்டும் எண்டு விட்டிட்டன். மூண்டாவது மீனுக்கு வரேக்கை என்ர கை தன்பாட்டில நிண்டிட்டுது.

பெரிய வித்தை ஒண்டும் இல்லையடா. குரல் மேல ஏறி உருண்டு பிரள்றதும் இல்லை. பின்னேரம் வேலிக்கரையில நிண்டு பக்கத்து வீட்டு மனுசி தன்ர கஷ்டத்தை அழாமல் சொல்லுற மாதிரி, அடங்கின, கொஞ்சம் கரகரத்த குரல்.

கையைக் கழுவிப்போட்டு வந்து பேரைப் பாத்தன். செசாரியா எவோரா. மேற்கு ஆபிரிக்காவுக்கு அங்கால கடலுக்குள்ள கிடக்கிற கேப் வேர்டே தீவுக்காரி. 1941இல மிண்டெலோ எண்ட துறைமுகப் பட்டினத்தில பிறந்தவ. இளமையில மதுச்சாலைகளில பாடி, பேந்து ஒரு பத்து வருசம் பாட்டையே விட்டிட்டு இருந்தவவாம். 1988இல பாரிஸில இறுவட்டு வந்து வெளி உலகத்துக்குத் தெரிய வரேக்கை அவவுக்கு நாப்பத்தேழு வயது. 2004இல கிராமி விருது. 2011இல செத்துப் போனா. மேடையில வெறுங்காலோடதான் நிப்பா. இதுக்கை ஒரு பகிடி இருக்கு. அவவின்ர பேச்சு போர்த்துக்கீசத்தில இருந்து வந்த கிரியோல். எங்களுக்கு 'சப்பாத்து' எண்ட சொல்லைத் தந்ததும் அதே போர்த்துக்கீசம்தான். கதிரை, பாண், அலுமாரி எல்லாம் போர்த்துக்கீசன் 1619இல யாழ்ப்பாணத்தைப் பிடிச்சு 1658இல ஒல்லாந்தனிட்டைப் பறிகொடுக்க முதல் விட்டுட்டுப் போனது. சப்பாத்தைத் தந்த பாஷையில சப்பாத்துப் போடாமல் பாடின மனுசி! பைலாவுக்கும் போர்த்துக்கீசத் தொடர்பு இருக்கிறதால யூரியூப் என்னை அங்கை கூட்டிக்கொண்டு போச்சுதோ, அல்லது சும்மா குருட்டு அதிர்ஷ்டமோ, ஆர் கண்டது.

அவவின்ர பாட்டு வகைக்கு மோர்னா எண்டு பேர். ஆறுதலான, துக்கம் பிடிச்ச மெட்டு. 2019இல யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறினது. 'சோடாட்' எண்டு ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும். போனவையை நினைச்சு ஏங்குறதாம். அந்தத் தீவுகளில இருக்கிற சனத்தை விட வெளிநாடுகளில இருக்கிற அந்த ஊர்ச் சனம் கூட எண்டு வாசிச்சன். வாசிச்சுப்போட்டு எங்கட ஒழுங்கையை ஒருக்கா எட்டிப் பாத்தன். எட்டு வீட்டில மூண்டு பூட்டு.

கொப்பர் கேட்டிட்டு, "உதென்னப்பா, பட்டப்பகலில ஒப்பாரி வைக்கிறாய்" எண்டார். அவருக்கு ஒண்டும் விளங்கேல்லை, ஆனால் சரியாச் சொல்லிப்போட்டார்.

இன்னொண்டு. தை மாசம் காதுக்குப் பாத்தனாங்கள், உனக்குச் சொல்லேல்லை, கோவிக்காதை. ஒரு கண்ணாடி அறைக்குள்ள இருத்தி, காதில மாட்டி விட்டு, சத்தம் கேட்டால் அமத்தச் சொன்னவை. முடிவில தந்த கோட்டுப்படம் இடப்பக்கம் தரை மாதிரிப் போய், வலப்பக்கம் கீரிமலைக் கேணிப் படி மாதிரி இறங்குது. சின்னனில 20 ஹேர்ட்ஸில இருந்து 20,000 ஹேர்ட்ஸ் வரை கேக்குமாம். வயது போகப் போக மேல் பக்கத்தில, கீச்சிடுற சத்தத்தில இருந்துதான் தேயுமாம். உள்காதில இருக்கிற நுண்ணிய மயிர்க் கலங்கள் செத்தால் திரும்ப முளைக்காதெண்டு டொக்டர் சொன்னார். எனக்கு அப்பதான் ஒரு விசயம் விளங்கினது. ரெண்டு வருசமா வளவுக்குள்ள சில்வண்டு கத்திறேல்லை எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான். தோட்டத்துக்கு மருந்தடிச்சு மருந்தடிச்சு அழிச்சுப்போட்டாங்கள் எண்டு கொப்பரோடை சண்டையும் பிடிச்சனான். பாவம் அந்த மனுசன்.

அதாலதான் சொல்லுறன், இப்ப சுசீலாவின்ர பாட்டுப் போட்டால் காதுக்கு வாறது பாதிதான், மிச்சத்தை ஞாபகம் பாடி முடிக்குது. புதுப் பாட்டுக்கு அந்த உதவி இல்லை. வாறதுதான் வாறது. இந்த மனுசியின்ர குரல் பதிஞ்ச குரல் எண்டபடியா முழுசா வருது.

கேட்ட உடன உன்னைத்தான் நினைச்சன். தொண்ணூறில கரண்ட் நிண்ட பிறகு, பற்றறியும் தடை, சைக்கிளைத் தலைகீழா நிப்பாட்டி டைனமோவில வயர் இழுத்துக் கசெற் போட்டதெல்லாம் ஞாபகமோ? தொண்ணூற்றி நாலில உனக்கு எட்டு வயது. கையால பெடலைச் சுத்துவாய். நீ களைச்சால் பாட்டும் களைக்கும், சுசீலா மெல்ல மெல்ல ஆம்பிளை ஆயிடுவா. "சுத்தடா, சுத்தடா" எண்டு கொப்பர் கத்த, நாங்கள் சிரிச்சுச் சிரிச்சு... எனக்கு அந்த இழுபட்ட குரலும் பிடிக்கும். அப்ப சொல்ல வெக்கம்.

1995 ஒக்டோபர் 30 இரவு, ஊரே இடம்பெயரேக்கை, அந்தக் கசெற் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழ தள்ளிப்போட்டுத்தான் சாவகச்சேரிப் பக்கம் வெளிக்கிட்டனாங்கள். வந்து பாக்க, கட்டிலும் இல்லை, பெட்டியும் இல்லை. எனக்கு முப்பத்தேழு வயது. அதோட பாட்டுத் தேடுறதை விட்டிட்டன். பஸ்ஸில பாடினால் கேக்கும், கோயில் லவுட்ஸ்பீக்கரில போட்டால் கேக்கும், அவ்வளவுதான். பத்துக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட வயதில நடந்ததும் கேட்டதும்தான் ஆழமாப் பதியும் எண்டு ஞாபகத்தை ஆராயிற ஆக்கள் சொல்லுகினம். இருக்கலாம். 1976இல இளையராஜா வரேக்கை எனக்குப் பதினெட்டு. இலங்கை வானொலிக்கு முன்னால நான் தவம் கிடக்க, என்ர அப்பா, "பாகவதருக்குப் பிறகு பாட்டெங்கை இருக்கு" எண்டு றேடியோவை நூத்துப்போட்டுப் போவார்.

இப்ப நான் ஒரு பழக்கம் வைச்சிருக்கிறன். புதுசு எதையும் மூண்டு நாளில மூண்டு தரம் கேக்கிறது. முதல் நாள் பெரும்பாலும் எரிச்சல்தான் வரும். மூண்டாம் நாளும் பிடிக்காட்டில் விட்டிடுவன், மனச்சாட்சிக் குத்து ஒண்டும் இல்லை. ஜாஸ் எண்டு ஒண்டு மூண்டு தரமும் தோத்துப் போச்சு. ஆனால் வெளிநாடு எல்லாம் சுத்தி வந்து கடைசியில எதில விழுந்தன் தெரியுமோ? தவிலில. எங்கட வீட்டில இருந்து தவில்காரரின்ர ஊர் இணுவில் எவ்வளவு தூரம்? எனக்குத் தவில் எண்டால் தாலி கட்டேக்கை கெட்டிமேளம், அதுக்கு மேல ஒண்டும் தெரியாது. தவில் மேதை தெட்சணாமூர்த்தியின்ர பழைய ஒலிப்பதிவு ஒண்டு அகப்பட்டது. 1975இல அவர் போய்ச் சேரேக்கை நான் பள்ளிக்கூடப் பிள்ளை, ஊரே துக்கப்பட்டது, எனக்கு ஏனெண்டு விளங்கேல்லை. இப்ப கண்ணை மூடிக்கொண்டு, கூடு போட்ட விரல் விழுற வலந்தலையை விட்டிட்டு, தடியால அடிக்கிற தொப்பிப் பக்கத்தை மட்டும் பிடிச்சுக்கொண்டு போறன். அது நெஞ்சுக்குள்ளால வருது. இந்த முறை நல்லூர்த் திருவிழா இருபத்தைஞ்சு நாளில பதினோரு நாள் போனனான். கொப்பர் நான் பக்தியிலதான் போறன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார், நீ சொல்லிப்போடாதை.

இனி உன்னட்டைக் கேக்க வந்த விசயம். யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்த 2002இல, உனக்குப் பதினாறு வயது, அறைக் கதவைப் பூட்டிப்போட்டு ஒரு இங்கிலிஷ் ராப் பாட்டை ஓயாமல் போடுவாய். "பாட்டோ, பேயோட்டுறதோ" எண்டு கத்தினனான். "அம்மா, ஒருக்கா முழுசாக் கேளுங்கோ" எண்டாய். நான் வந்து பிளக்கைக் கழட்டினன். நீ ஒண்டும் பேசேல்லை. அண்டைக்கு இரவு சாப்பிடவும் வரேல்லை.

போன கிழமை உன்ர அலுமாரியைத் துடைக்கேக்கை அந்தச் சீடி கிடைச்சது. போடுறதுக்கு மெசின் இல்லை. மேல நீ மார்க்கர் பேனையால எழுதினது பாதி அழிஞ்சு போச்சு, 'ஆ' எண்டு தொடங்குது போல கிடக்கு. அதில பயங்கரமா உறுமிக்கொண்டு ஒண்டு தொடங்குமே, அந்தப் பாட்டை ஆர் பாடினது எண்டு எழுதி அனுப்பு. மூண்டு நாள் தா.

அம்மா