இரண்டு அங்குலம் தூக்கினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கரடுமுரடான பாதைகளில் ஓட்டும் வண்டிகளுக்குப் பெரிய டயர் மாட்டுவது பற்றிச் சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. முன் சஸ்பென்ஷனில் வண்டியை உயர்த்தும் இரண்டு அங்குல ஸ்பேசர் கட்டையைச் செருகிவிட்டால் பெரிய டயர் எங்கும் உரசாமல் உட்கார்ந்துவிடும் என்று அதில் ஒரே வரியில் முடித்துவிட்டார் தங்கள் நிபுணர். எந்த வண்டி, எந்த அளவு டயர் என்று பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. வண்ணப் படங்களுக்கு மட்டும் இடம் தாராளமாக இருந்திருக்கிறது.

அந்த இரண்டு அங்குலம் ஸ்பேசரின் தடிமனா, வண்டி உயரும் அளவா? தாங்கள் அறியாததல்ல. ஒவ்வொரு முன்சக்கரமும் தன்பாட்டில் ஏறி இறங்கும் தனித்தனி முன் சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளில் ஷாக்கும் ஸ்பிரிங்கும், சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கீழ்க் கண்ட்ரோல் ஆர்மின் நடுவாக்கில் போய் உட்காருகின்றன. அதனால் மேலே ஓர் அங்குலம் செருகினால் சக்கரத்தின் பக்கம் ஏறத்தாழ இரண்டு அங்குலம் உயரும். தங்கள் வரியை அப்படியே நம்பி இரண்டு அங்குலத் தடிமனில் வாங்கி மாட்டுகிறவரின் வண்டி நான்கு அங்குலத்துக்குப் பக்கமாக எகிறி நிற்கும். சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சி.வி. ஜாயிண்ட் வளைந்தபடியே சுழலும், அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழியும், கிரீஸ் சக்கரத்தின் உட்புறம் முழுக்கத் தெறிக்கும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது மேல் பால் ஜாயிண்டும் தன் எல்லையில் போய் இடிக்கும். இவ்வளவும் அச்சுக்கோர்ப்பில் விழுந்துவிட்டது போலும்.

அடுத்தது அந்த ‘உரசாமல்’. நிறுத்தி வைத்த வண்டியில் உரசாதுதான், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை விட்டுப் பார்க்கலாம். ஒரு சக்கரம் பாறையில் ஏறி, எதிர்ச் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது என்ன ஆகும்? ஏறிய சக்கரம், அதன் ஏற்றத்துக்கு எல்லை போடும் ரப்பர்க் கட்டையான பம்ப் ஸ்டாப்பில் முட்டும் வரை மேலே போகும். ஸ்பேசர் மாற்றுவது வண்டி நிற்கும் உயரத்தை மட்டும். பம்ப் ஸ்டாப் பழைய இடத்திலேயேதான் இருக்கிறது. அங்கே சின்ன டயருக்கு இருந்த இடம்தான் பெரிய டயருக்கும். இன்னும் மோசம், ஸ்பேசர் ஷாக்கையும் சேர்த்துக் கீழே தள்ளிவிடுவதால், பம்ப் ஸ்டாப் முட்டுவதற்கு முன்பே ஷாக் உள்ளுக்குள் அடிவாங்கத் தொடங்கும். பம்ப் ஸ்டாப்பை நீட்டலாம், ஆனால் அந்த அளவுக்குச் சக்கரம் மேலே போகும் தூரம் குறையும். எதை விட்டு எதைப் பிடிப்பது என்பதுதான் இந்த வேலையின் முழுச் சிக்கலும். தங்கள் கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

நான் ஊகத்தில் எழுதவில்லை. என் வண்டியில் எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன் ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு ஷாக்கை மட்டும் மாட்டினேன். புது டயரை ஒருவரிடம் இரவல் வாங்கிப் பொருத்தி, கீழ் ஆர்மை ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் வரை தூக்கி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பினேன். டயர் உரசியது மட்கார்டின் விளிம்பில் அல்ல. வீல் ஆர்ச்சின் பின்புறம், கதவை ஒட்டிய தகரத் தையலில். எவ்வளவு தூக்கினாலும் அந்த உரசல் தீராது. வீல் ஆர்ச்சின் உட்புற பிளாஸ்டிக் லைனரை வெட்டி, தையலைத் தட்டி மடக்கித்தான் இடம் கிடைத்தது. அழகுக்காகச் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும்படி ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அதைப் போல்ட் போடும் முகம் தள்ளியிருக்கும் தூரம்) குறைந்த ரிம்மை மாட்டியிருந்தால், டயர் இன்னும் பெரிய வட்டமடித்து வந்து அதே இடத்தில் இன்னும் பலமாக உரசியிருக்கும். தங்கள் அட்டைப்படத்து வண்டியில் இருப்பது அப்படிப்பட்ட ரிம்தான் என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்டுகிறேன்.

என் நண்பர் ஒருவர் அளக்காமல் பட்டறைக்காரர் சொன்னதை நம்பினார். வளைவில் திருப்பிவிட்டால் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பி வரவில்லை. நேர்ச்சாலையில் வண்டி அலைந்தது. உயரம் கூடக் கூட, ஸ்டீயரிங்கை நேருக்குத் திருப்பிக் கொண்டுவரும் கேஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறையும் என்பதை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அலைன்மென்ட் செய்கிறவர், திருத்துவதற்கு இனி இடமே இல்லை என்று கைவிரித்துவிட்டார். மேல் கண்ட்ரோல் ஆர்மை மாற்றிய பிறகுதான் வண்டி வழிக்கு வந்தது.

கேஸ்டர் என்றதும் தங்கள் கேள்வி பதில் பகுதி நினைவுக்கு வருகிறது. தனித்தனி சஸ்பென்ஷன் வண்டி வைத்திருந்த ஒரு வாசகருக்கு கேஸ்டரைத் திருத்தும் ரப்பர் வளையமான கேஸ்டர் புஷ் மாற்றச் சொல்லிப் பதில் போட்டிருந்தீர்கள். அந்தப் புஷ், இரு சக்கரங்களையும் ஒரே தண்டாக இணைக்கும் நேர் ஆக்சிலைத் தாங்கும் நீள ஆர்ம்களில் மாட்டுவது. லேண்ட் குரூசரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1990-இல் வந்த 80 வரிசையில் முன்னால் நேர் ஆக்சிலும் காயில் ஸ்பிரிங்கும். 1998-இல் வந்த 100 வரிசையில் தனித்தனி சஸ்பென்ஷனும், முறுங்கி ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பியான டார்ஷன் பாரும். முன்னதற்குச் சொன்ன வைத்தியம் பின்னதற்குப் பொருந்துமா? இன்னொரு முறை, ஜிம்னியைத் தூக்கியபின் ஸ்டீயரிங் உதறுகிறது என்று கேட்டவருக்கு ‘வீல் பேலன்ஸ் பாருங்கள்’ என்றீர்கள். பார்க்கட்டும், தவறில்லை. ஆனால் நேர் ஆக்சில் வண்டியைத் தூக்கினால் குறுக்கே கட்டியிருக்கும் பான்ஹார்ட் ராடு ஆக்சிலைப் பக்கவாட்டில் இழுத்துவிடும், கேஸ்டர் குறையும், புஷ்களில் ஆட்டம் இருந்தால் உதறல் கைமீறும் என்று ஒரு வாக்கியம் சேர்த்திருக்கக் கூடாதா?

இதெல்லாம் புதிதாக எழுதும் புகாருமல்ல. பெரிய டயர் போட்டால் தரை இடைவெளி எக்கச்சக்கமாகக் கூடும் என்று தாங்கள் முன்பு வெளியிட்டபோதே கணக்குப் போட்டு அனுப்பினேன். 265/70 ஆர்17 டயரின் விட்டம் சுமார் 803 மி.மீ., 285/70 ஆர்17-இன் விட்டம் சுமார் 831 மி.மீ. வித்தியாசம் 28. ஆக்சில் உயர்வது அதில் பாதி, 14 மி.மீ. அதற்கு விலையாக ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 103-க்கு மேல் ஓடும், கியர் கனக்கும், பிரேக் கூடுதலாக உழைக்கும், ஸ்டெப்னி அதன் இடத்தில் நுழைகிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்தக் கடிதத்தைத் தாங்கள் பெருந்தன்மையோடு பிரசுரித்தீர்கள். ‘கட்டுரை மிகவும் பயனுள்ளதாக இருந்தது’ என்ற முதல் வரியை மட்டும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இனி இப்படிப்பட்ட கட்டுரை வரும்போது பழைய டயர் அளவு, புது டயர் அளவு, ரிம் ஆஃப்செட், தூக்குவதற்கு முன்னும் பின்னும் கேஸ்டர் எவ்வளவு என்பதைப் படத்தின் அடியில் சின்ன எழுத்தில் போடுங்கள். கூடவே சக்கரம் பம்ப் ஸ்டாப்பைத் தொட்டு, ஸ்டீயரிங் முழுதாகத் திரும்பிய நிலையில் ஒரு படம். தங்கள் புகைப்படக்காரருக்கு அப்படியொரு வண்டி அகப்படாவிட்டால் என் வண்டியின் ஸ்பிரிங்கைக் கழற்றி வைக்கிறேன், வரச் சொல்லுங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம், கிரீஸ் பட்டால் போகாது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர்