ஒரே மந்திரம், முழுக் கணக்கு
கதை எழுதும் குழுவின் உறுப்பினர்களுக்கு: மாற்று வரலாற்று உலகத்துக்குள், அதாவது நடந்த வரலாறு வேறு வழியில் போயிருந்தால் என்று கற்பனை செய்யும் கதைக்குள், முதலில் ஒரே ஒரு மந்திரத்தை, ஒரு குறிப்பிட்ட ஆண்டில் நுழைத்துப் பாருங்கள். பத்தையும் சேர்த்துக் கொட்டினால் எது எதை மாற்றியது என்று உங்களுக்கே பிடிபடாது.

1800இல் குளிரூட்டும் மந்திரம் வந்ததாக வையுங்கள். 1833இல் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் பனிக்கட்டி ஏற்றிச் சென்ற கப்பல் கிளம்பியே இருக்காது. மீனும் பாலும் கெடாமல் தொலைதூரம் போகும், உப்பின் தேவை குறையும். அப்போது உப்பு வரியை நம்பிய அரசு என்ன செய்யும்? கதை அங்கேதான் இருக்கிறது!

1 கிலோ தண்ணீரை 20 டிகிரி செல்சியஸிலிருந்து பனிக்கட்டியாக்க, சுமார் 420 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். அது போவது மந்திரம் போடுபவர் உடம்புக்கா, பக்கத்து அடுப்புக்கா? இதைத் தீர்மானிக்காவிட்டால் மந்திரம் இலவசமாகிவிடும், மோதலும் செத்துவிடும். ஒரு நாளில் எத்தனை முறை போடலாம், யார் கற்கலாம், தவறினால் என்ன உடையும் என்பதையும் வரைவோடு அனுப்புங்கள்.