கடைசி வரிசைக் கார்கள்

அன்பு மகளுக்கு,

அம்மாவும் நானும் நலம். உங்கள் பந்தயத் தொடரில் கார்கள் குறைந்துகொண்டே போகின்றன, "இதில் ஜெயித்து என்ன பெருமை" என்று பேசுகிறார்கள் என்று வருத்தப்பட்டாயே, அது மனதிலேயே நிற்கிறது.

1992இல், நாங்கள் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருந்த காலத்தில், பக்கத்து டோனிங்டன் பந்தயத் தடத்துக்கு ஸ்போர்ட்ஸ்கார் உலக சாம்பியன்ஷிப் பந்தயம் பார்க்கப் போனேன். 1953இல் தொடங்கிய சாம்பியன்ஷிப்புக்கு அதுதான் கடைசி ஆண்டு. பெஜோ கம்பெனியின் 905 கார்கள் இரண்டும் காது கிழிய அலறிக்கொண்டு போகும். பின்னாலேயே டொயோட்டா. அப்புறம் தடம் வெறிச்சென்று கிடக்கும். வேலியோரம் நின்றவர்கள் அடுத்த கார் எப்போது வரும் என்று வளைவையே பார்த்துக்கொண்டிருப்போம்.

அந்த நிலைமை தானாக வரவில்லை. 80களில் எவ்வளவு எரிபொருள் செலவழிக்கலாம் என்பதற்குத்தான் கட்டுப்பாடு. எஞ்சின் எதுவானாலும் சரி. போர்ஷே தன் காரைத் தனியார் அணிகளுக்கு விற்றது. அப்படி வாங்கி ஓட்டிய யோஸ்ட் அணி 1985இல், பிரான்ஸின் 24 மணிநேரப் பந்தயமான லே மான்ஸில், போர்ஷேயின் சொந்த அணியையே தோற்கடித்தது! பிறகு ஃபார்முலா ஒன் மாதிரி 3.5 லிட்டர் எஞ்சின்தான் என்று விதியை மாற்றினார்கள். செலவு எகிறியது, சின்ன அணிகள் கழன்றுகொண்டன. 1991 முடிந்ததும் ஜாகுவாரும் மெர்சிடீஸும்கூடப் போய்விட்டன. அதே ஆண்டு பிஸ்டன் இல்லாத சுழல் எஞ்சினோடு லே மான்ஸை ஜெயித்த மஸ்தாவுக்கு, அடுத்த ஆண்டு அந்த எஞ்சினை வைக்கவே இடமில்லை. ஜாகுவார் விட்டுப்போன காரின் வடிவத்தில் ஜட் கம்பெனியின் எஞ்சினைப் பொருத்தி ஓட்டினார்கள். எனக்கு அதுதான் மிகவும் வலித்தது.

1992இல் லே மான்ஸில் கிளம்பியதே 28 கார்கள். ஆனால் பெஜோ ஓட்டுநர் டெரெக் வார்விக்கை நினைத்துப் பார். முந்தைய ஆண்டுதான் தம்பி பால் பந்தயத் தடத்தில் இறந்துபோயிருந்தார். இவர் அதே காரை மாறி மாறி ஓட்டிய டால்மாஸோடும் பிளண்டெலோடும் சேர்ந்து மழையில் லே மான்ஸை ஜெயித்தார். டால்மாஸோடு உலகப் பட்டத்தையும் வாங்கினார். எதிரே வந்தவர்கள் குறைவு என்பதற்காக அந்தப் பட்டத்தை யாராவது மட்டமாகப் பேசினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உன் வேலையையும் அப்படித்தான் பார்க்கிறேன்.

1993க்குப் போதிய அணிகள் சேரவில்லை, தொடரையே நிறுத்திவிட்டார்கள். அதனால்தான் கேட்கிறேன்: உங்கள் தொடரில் சொந்தக் காசு போட்டு வருகிற சின்ன அணிகள் இன்னும் எத்தனை? அடுத்த ஆண்டு விதியில் அவர்களுக்குக் கட்டுப்படியாகுமா? பெரிய கம்பெனிகள் வரும், போகும். நீ அந்தச் சின்ன அணிக்காரர்களிடம் விசாரித்து எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா