பழைய பதிவு மேசைக்கு வரட்டும்: இலங்கை நீதி அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா,

இரவு பத்து மணியானால் என் அம்மா பின்கதவில் ஒரு சில்வர் குடத்தைச் சாய்த்து வைக்கிறார். உள்ளே நாலைந்து கரண்டிகள். யாராவது கதவைத் தள்ளினால் சத்தம் கேட்குமாம். காற்றுக்குக் கதவு அசைந்தாலும் எழும்பி வந்து, லைட்டைப் போடாமல், குசினி இருட்டில் நிற்பார். வயது 72. மூன்று மாதமாக இப்படித்தான்.

எங்கள் வீட்டை உடைத்தவர் பிடிபட்டார், குற்றத்தையும் ஒப்புக்கொண்டார். இரண்டு வருடச் சிறை, ஐந்து வருடங்களுக்கு ஒத்திவைப்பு; அதாவது இப்போதைக்குச் சிறைக்குப் போகத் தேவையில்லை. அது முதற்குற்றமென்றால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். பக்கத்து ஒழுங்கை அக்கா வீட்டை உடைத்ததற்குப் போன வருடமும் அவருக்கு இதே தண்டனைதான். ஒத்திவைத்த காலத்துக்குள் மறுபடி குற்றம் செய்தால் பழைய தண்டனை நடைமுறைக்கு வரவேண்டும். இதைச் சொல்லும் 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடபடிமுறைச் சட்டக்கோவையின் 303 ஆம் பிரிவு உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் பழைய குற்றங்களைக் காட்டும் விரலடையாள அறிக்கை வரவில்லை. மேசைக்கு வராத பதிவை நீதவான் எப்படிப் பார்ப்பார்?

அன்று அதே மன்றில் ஒரு பொடியனும் நின்றான். பித்தளைக்காகத் தண்ணீர் மீற்றர் ஒன்றைக் கழற்றியவன். பிணைக்குக் கையெழுத்து வைக்க ஆளில்லாமல் ஆறு கிழமை விளக்கமறியல். வீடுடைத்தவர் எங்களுக்கு முன்னாலேயே நடந்து வெளியே போனார். பொடியனை மறுபடி சிறைச்சாலை பஸ்ஸில் ஏற்றினார்கள்.

யாரையும் ஆயுளுக்கும் உள்ளே போடச் சொல்லவில்லை, ஐயா. நெரிசலில் திணறும் சிறை ஒருவரைத் திருத்தும் என்ற நம்பிக்கையும் எனக்கில்லை. முதல்தரம் தவறியவருக்கு, சிறைக்குப் பதிலாக வெளியே இருந்தே திருந்த விடும் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளை இருக்கட்டும். இரண்டாந்தரம், மூன்றாந்தரம் என்றால் தண்டனையும் படிப்படியாக ஏறட்டும். அதற்குப் பழைய பதிவு முதலில் மேசைக்கு வரவேண்டும்.

அம்மாவிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. தண்டனையைத் தீர்மானிக்க முதல், குற்றத்தால் தன் வாழ்க்கை எப்படி மாறியது என்று பாதிக்கப்பட்டவர் மன்றுக்குச் சொல்லலாம் என 2015 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டமே உரிமை தந்தது. பிறகு 2023 இல் அதற்குப் பதிலாகப் புதுச் சட்டமும் வந்தது. குடத்தை அவர் யாரிடம் சொல்வது? முறைப்பாட்டையே சிங்களத்தில் எழுதி, கையெழுத்து மட்டும் வாங்கினார்கள். அதில் என்ன இருக்கிறதென்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. 1987 இலிருந்து தமிழும் அரசகரும மொழிதானே? இதைத் தொட்டால் மடல் முடியாது, மன்னியுங்கள்.

தயவுசெய்து, வீடுடைப்பு வழக்குகளில் பழைய பதிவும் பாதிக்கப்பட்டவரின் வார்த்தையும் மன்றுக்கு வராமல் தண்டனை வழங்கப்படாதபடி ஒரு கட்டாய நடைமுறையைக் கொண்டுவாருங்கள். அந்தப் பொடியனைப் போன்றவர்களைப் பிணையில் விடவும் ஒரு வழி பாருங்கள்.

பணிவுடன்,
ஒரு மகள், கொழும்பு