பேத்தியின் கண்ணில் இரண்டு நிறம்

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. காலையில் முற்றத்தில் வைத்துத் தலை பின்னிவிடும்போது தேன் நிறமாகத் தெரியும் பேத்தியின் கண்கள், இரவில் விளக்கடியில் கறுத்துப்போவது ஏன், ஏதேனும் கோளாறோ என்று கேட்டிருந்தாய். இரண்டு கண்களும் ஒன்றுபோலவே மாறித் தெரிகின்றன என்று நீயே எழுதியிருப்பதால், பயப்பட வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

கண்ணின் நடுவிலுள்ள கரும்புள்ளியான பாவையைச் சுற்றியுள்ள நிற வளையத்துக்கு, அதாவது ஐரிஸுக்கு, பழுப்பு நிறம் தருவது, நம் தோலுக்கும் முடிக்கும் கருமை தரும் அதே மெலனின்தான். உள்ளே புகும் ஒளியில் பெரும்பகுதியை அது விழுங்கிவிடுவதால், விளக்கு மங்கலாக இருக்கும்போது திரும்பி வரும் ஒளி மிகக் குறைந்து, பழுப்புக் கண்ணும் கறுப்பாகவே தெரிகிறது. பக்கவாட்டில் வெயில் விழும்போதோ ஐரிஸின் இழைகள் ஒவ்வொன்றும் துலங்கித் தேனாக மின்னுகின்றன.

நேற்று ஜன்னலோரம் கைக்கண்ணாடியோடு உட்கார்ந்து என் வலக்கண்ணைப் பார்த்தேன். பாவையை ஒட்டித் துருநிறத்தில் ஒரு வளையம், அதிலிருந்து ஆரக்கால்கள்போல் ஓடும் மஞ்சள் கலந்த இழைகள், விளிம்பில் கரும்பழுப்பு. ஜன்னல் கதவைப் பாதி சாத்தியதும் பாவை விரிந்து, இழைகள் நெருங்கிச் சுருங்க, கண்ணே இருண்டுவிட்டது. நல்ல வெளிச்சத்தில் சுமார் 2 மில்லிமீட்டராக இருக்கும் பாவை, இளவயதில் இருட்டில் 8 மில்லிமீட்டர் வரைகூட விரியும்.

நீலப் பாவாடை கட்டும் நாளில் நிறம் இன்னும் தூக்கலாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தாயே, அது பக்கத்து நிறத்தின் வேலை. பாரிஸில் ஒரு திரைச்சீலை நெசவாலையில், கறுப்பு நூலின் சாயம் சரியில்லை என்ற புகாரை ஆராய்ந்த வேதியியலாளர் ஷெவ்ரல், குறை சாயத்தில் இல்லை, அருகிலிருந்த நிறங்களால்தான் அப்படித் தோன்றுகிறது என்று கண்டு, 1839இல் அதைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார். நீலத்தின் அருகே பழுப்பிலுள்ள ஆரஞ்சுச் சாயல் எடுப்பாகத் தெரியும்.

என் இடக்கண் மட்டும் உண்மையாகவே நிறம் மாறியிருக்கிறது. கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய்க்காக அதில் சில ஆண்டுகளாக விடும் லட்டனோப்ரோஸ்ட் சொட்டு மருந்து ஐரிஸில் மெலனினைக் கூட்டுமென்றும், கூடிய நிறம் பெரும்பாலும் குறையாதென்றும் டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். கண்ணின் அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. நிறத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

குழந்தைக்கு ஒரு கண் மட்டும் வேறு நிறமாகத் தெரிந்தாலோ, பாவைக்குள் வெள்ளையாக ஏதேனும் பளிச்சிட்டாலோ, நாள் கடத்தாமல் கண் டாக்டரிடம் காட்டு. அப்படி ஏதும் இல்லையென்று பார்த்து எழுது.

அன்புடன்,
உன் மீனாட்சி