பழனி மலையில் பைன் மரம் அளக்கப் போகிறவர்களுக்கு

கொடைக்கானல் பகுதியில் மர மதிப்பீட்டுப் பொறுப்பில் இருக்கும் வனச்சரக அலுவலர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் வணக்கம்.

சோலைப் புல்வெளியை மீட்க அயல் மரங்களை எடுக்கும் பேச்சு வரும்போதெல்லாம் வாட்டில், யூகலிப்டஸோடு மெக்சிகோவிலிருந்து வந்த பட்டுலா பைனும் பட்டியலில் ஏறுகிறது. எந்தத் தோப்பை எடுப்பது, எதைச் சுற்றுலாக்காரர்கள் படமெடுக்க விட்டுவைப்பது என்பது வேறு வாதம். எடுப்பதென்று முடிவானால், எத்தனை கன மீட்டர் என்ற கேள்வி உங்களிடம்தான் வரும். அப்போது ஒரே வடிவக் காரணியை (அதே விட்டமும் உயரமும் உள்ள உருளையில் தண்டு எத்தனை பங்கு என்ற எண்ணை) எல்லா மரத்துக்கும் போட்டுப் பெருக்கிவிடாதீர்கள். மார்பளவு விட்டம் (தரையிலிருந்து 1.37 மீட்டரில் எடுப்பது) 40 செ.மீ., உயரம் 24 மீட்டர் உள்ள இரண்டு மரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். நெருக்கத்தில் வளர்ந்ததன் காரணி 0.5 என்றால் 1.51 கன மீட்டர். தோப்பின் ஓரத்தில் கிளை பரப்பி நின்றதன் காரணி 0.4 என்றால் 1.21. நாடாவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கால் சுற்றளவு முறை, அதாவது சுற்றளவில் நான்கில் ஒரு பங்கை அதனாலேயே பெருக்கி, பிறகு நீளத்தாலும் பெருக்குவது, இன்னொரு வம்பு. நடுச் சுற்றளவு 126 செ.மீ., நீளம் 3 மீட்டர் உள்ள கட்டைக்கு அது 0.298 கன மீட்டர் தரும்; உண்மையில் 0.379 இருக்கும். பட்டைக்கும் அறுப்புச் சேதாரத்துக்கும் சரியாய்ப் போகும் என்பார்கள். பட்டையைத் தனியாகக் கழித்துவிட்டு இதையும் போட்டால் இரண்டு முறை கழித்ததாகிறது.

மேலே போகப் போகத் தண்டு எப்படி ஒடுங்குகிறது என்பதைச் சமன்பாடாக்கிவிட்டால் இந்தச் சிக்கல் விடும். எப்படியும் வெட்டப்போகிற மரங்கள். அவற்றிலேயே மாதிரி எடுங்கள். விட்ட வகுப்பு ஒவ்வொன்றிலும், பள்ளத்திலும் முகட்டிலும், நடுவிலும் ஓரத்திலும் பிரித்துத் தேர்ந்தெடுங்கள். சாய்த்தபின் தரையிலிருந்து 0.3 மீட்டர், 1.37 மீட்டர், பிறகு 2 மீட்டருக்கு ஒருமுறை நுனிவரை அளக்கவேண்டும். ஒவ்வொரு இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு விட்டம், இரண்டு பக்கப் பட்டைத் தடிமன். பைனுக்குக் கிளைகள் வளையம் வளையமாக வருவதால் கணுவில் தண்டு புடைத்திருக்கும். அளவு அங்கே விழுந்தால் மேலும் கீழும் சம தூரத்தில் அளந்து சராசரி எழுதுங்கள். பட்டையை அலட்சியம் செய்யவேண்டாம்: 40 செ.மீ. தண்டில் 2 செ.மீ. பட்டை என்றால் குறுக்குப் பரப்பில் 19 சதவீதம் பட்டைதான்.

கனடாவில் கோசாக் குழு 1969-இல் தந்த இருபடிச் சமன்பாடு எளிது. ஆனால் தூர்ப் புடைப்பை, அதாவது அடிமரம் பருத்திருப்பதை, அது பிடிக்காது. மேக்ஸும் பர்க்ஹார்ட்டும் 1976-இல் தண்டை மூன்று துண்டாகப் பிரித்து இணைத்தார்கள். தூர் பருத்த மலை மரத்துக்கு இதுவே எங்கள் தேர்வு. பொருத்திய சமன்பாட்டைத் தொகையிட்டால், அதாவது அது தரும் குறுக்குப் பரப்பை உயரத்தோடு கூட்டிக்கொண்டே போனால், 20 செ.மீ. விட்டம்வரை அறுப்பு மரம் எவ்வளவு, அங்கிருந்து 10 செ.மீ. வரை கூழ் மரம் எவ்வளவு என்று தனித்தனியே கிடைக்கும். சரிபார்க்கும்போது முழு மரங்களை ஒதுக்கிவையுங்கள். ஒரே மரத்தின் சில அளவுகளை மட்டும் ஒதுக்கினால் அந்த மரத்தைச் சமன்பாடு ஏற்கெனவே பார்த்துவிட்டிருக்கும். பிழை குறைவாகத் தெரியும். பொருத்திய மரங்களில் பெரியது 50 செ.மீ. என்றால் 65 செ.மீ. மரத்துக்கு அந்தச் சமன்பாட்டை நீட்டாதீர்கள்.

சமன்பாடு எத்தனை நல்லதானாலும் சரிவு அதைக் கெடுத்துவிடும். 30 பாகைச் சரிவில் 40 செ.மீ. மரத்தின் மேட்டுப்பக்கத் தரைக்கும் பள்ளத்துப்பக்கத் தரைக்கும் 23 செ.மீ. வித்தியாசம். 1.37-ஐ மேட்டுப்பக்கத்திலிருந்தே எடுங்கள். உயரம் பார்க்கும்போது நாடாவைச் சரிவோடு 20 மீட்டர் இழுத்து அதையே கிடைத்தூரமாக வைத்துக்கொண்டால், கிடைத்தூரம் உண்மையில் 17.3 என்பதால், 24 மீட்டர் மரம் 27.7 ஆகிவிடும்.

நுனி ஒடிந்த மரம் கடைசிக் கண்ணி. ஒடிந்த உயரத்தையே முழு உயரமாகக் கொடுத்தால், மரம் வேகமாக ஒடுங்குகிறது என்று சமன்பாடு நினைத்துக்கொண்டு கன அளவைக் குறைத்துச் சொல்லும். பக்கத்தில் நிற்கும் அதே சுற்றளவு மரங்களின் உயரத்தைக் கொடுத்து, ஒடிந்த இடம்வரை மட்டும் தொகையிடுங்கள். கள ஏட்டில் ‘ஒடிவு’ என்று ஒரு நெடுவரிசை இருந்தால்தான் கணக்குப் போடுகிறவருக்கு இது தெரியவரும்.

இப்படிக்கு,
மர அளவியல் பணியில் இருப்போர்